சித்திரம் பெரிதா, கதை பெரிதா?

சொல்லழகு பெரிதா, பொருளழகு பெரிதா என்னும் வழக்கு நம் புலவர் அவைகளிலே நெடுங்காலம் நடந்த வழக்காகும். அதற்குத் தீர்ப்பு எக்காலத்தும் ஒருமுகமாக வந்ததில்லை. அவ்வழக்கே இன்று உடை மாற்றிக்கொண்டு புதியதொரு கலையின் முன்றிலில் வந்து நிற்கின்றது. கார்ட்டூன் என்று சிறுவர் வழங்கும் அசைவுச் சித்திரப் படங்களுள்ளே, பேசும் விலங்கும் நீர்மகளும் பூதமும் உலவுகின்ற மாயக் கற்பனைக் குறும்படங்களைப் பற்றிப் பேச்செடுத்தாற் போதும், கூடியிருப்போர் இரு கட்சியாகப் பிரிந்துவிடுவர். என்ன நிறம், என்ன ஒளி, ஒவ்வொரு காட்சியையும் சட்டமிட்டுச் சுவரில் மாட்டலாமே என்பர் ஒரு சாரார். பார்த்து முடிந்தபின் நடந்தது யாதென்று கேட்டாற் சொல்ல ஒன்றுமில்லையே என்பர் மறு சாரார். முன்னவர் பின்னவரைக் கலைக்கண் இல்லாதவர் என்பதும், பின்னவர் முன்னவரைச் சப்பரத்தைப் பார்த்துச் சுவாமியை மறந்தவர் என்பதும் வழக்கமாகிவிட்டன.

நிற்க. இத்தகைய பொருளைக் கல்லூரி விழா மலரொன்றில் எடுத்துப் பேசுவானேன் என மூத்த பழைய மாணவர் சிலர் புருவம் நெரிக்கலாம். அவர்கள் இளமையிலே கார்ட்டூன் என்பது படமாளிகையில் முதன்மைப் படத்துக்கு முன்னர் ஐந்தாறு நிமிடம் ஓடி மறைந்த விளையாட்டு. அதனை ஆக்குவதற்கு நூற்றுக்கணக்கான ஓவியரும் பெருந்தொகைப் பணமும் வேண்டியிருந்தன. இன்றைய நிலை வேறு. ஒரு கைப்பேசியும் ஒரு மடிக்கணினியும் உடைய பத்தாந் தரத்து மாணவன் வீட்டு மேசையிலிருந்தே அசைவுச் சித்திரம் ஆக்கலாம். ‘பிளெண்டர்’ என்னும் மென்பொருள் விலையின்றியே கிடைக்கின்றது. 2025 ஆம் ஆண்டில் ஒஸ்கார் பரிசு பெற்ற லத்வியா நாட்டு நெடும்படமாகிய ‘புளோ’ அம்மென்பொருளிலேதான் ஆக்கப்பட்டது. இவ்வளவும் போதாதென்று, நாம் எழுதிக் கொடுக்கும் சில வரிகளைக் கொண்டு கண்கவர் சித்திரங்களைக் கணத்தில் வரைந்து தரும் கணினிப் பொறிகள் 2022 முதல் பொதுமக்கள் கைக்கு வந்துள்ளன. ஆகவே அழகிய படம் என்பது அரிய பொருளாயிருந்த காலம் கழிந்தது. இந்நிலையில் நம் மாணவருக்கு எதனைப் பயிற்றுவது? சங்கத்தார் கணினி வாங்கிக் கொடுத்ததோடு கடமை முடிந்ததெனக் கொள்ளலாமா? இவ்வினாவுக்கு விடை காணவேண்டுமாயின் முற்கூறிய வழக்கை ஒருமுறை நேர்நின்று விசாரித்தே ஆகவேண்டும்.

இரு கட்சியாரும் வழக்கைப் பிழையாகத் தொடுத்துள்ளனர் என்பது என் துணிபு. சித்திரமும் கதையும் ஒரு தராசின் இரு தட்டுகளாக இருந்து, ஒன்று ஏற மற்றது இறங்குகின்றன என்பதற்கு ஆதாரம் எதுவுமில்லை. மாயக் கதையில் எதுவும் நிகழலாம் என்று பலரும் சொல்லுவர். தவறு அங்கேதான் தொடங்குகின்றது. எதுவும் நிகழக்கூடிய உலகில் எவருக்கும் ஆபத்தில்லை. கிணற்றில் விழுந்தவன் மறுகணமே பறவையாகிப் பறந்துவிடக் கூடுமாயின், அவன் விழுந்ததுபற்றி நாம் கவலுவது எதற்கு? மாயக் கதைக்கு மற்றெந்தக் கதையினும் கண்டிப்பான சட்டம் வேண்டும். இவ்வுலகில் இன்னது நிகழும், இன்னது நிகழாது என்னும் எல்லை வேண்டும். நாவலாசிரியன் அவ்வெல்லையைப் பக்கம் பக்கமாக எழுதி நிறுவலாம். ஏழெட்டு நிமிடத்தில் முடியும் குறும்படத்துக்கு அவ்வளவு அவகாசமில்லை. அங்கே சட்டம் இயற்றும் பொறுப்புச் சித்திர நடையின் தலையிலே விழுகின்றது. கோட்டின் தடிப்பு, நிறத்தின் செறிவு, உருவத்தின் பாரம், அசைவின் வேகம் ஆகியவற்றைக் கொண்டே அவ்வுலகின் இயல்பை நாம் முதல் அரை நிமிடத்தில் அறிந்துகொள்ளுகின்றோம். அவ்வியல்பு யாரேனும் ஒருவரைத் தடுக்கும்போது கதை பிறக்கின்றது. ஆதலின் ஒரு குறும்படத்தைப் பார்த்தவிடத்து நாம் கேட்கவேண்டிய கேள்வி, படம் நன்றா கதை நன்றா என்பதன்று. இச்சித்திர நடை யாரை, எதனைச் செய்யவொட்டாமல் தடுக்கின்றது என்பதேயாம்.

கலையின் தொடக்கத்தையே பார்க்கலாம். 1908 இல் பிரான்சு நாட்டினரான எமில் கோல் ‘பன்ரஸ்மகோரி’ என்ற படத்தை ஆக்கினார். ஏறக்குறைய 700 சித்திரங்கள். ஓடுவது இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. கரும்பலகையில் வெண்கட்டியால் எழுதியது போன்ற கோட்டுருவம் ஒன்று தோன்றும், புட்டி பூவாகும், ஒன்று மற்றொன்றாக உருகிக்கொண்டே போகும். கோடு அசைந்ததே அற்புதமாயிருந்த காலத்தில் அது போதுமானதாயிருந்தது. ஆறாண்டு கழித்து, 1914 இல், அமெரிக்கரான வின்சர் மக்கே ‘கேர்ட்டி’ என்னும் தொன்மை விலங்கைப் படைத்தார். மேடையிலே திரைக்கு அருகே சவுக்கோடு நின்று அவர் கட்டளையிடுவார். திரையிலுள்ள கேர்ட்டி கீழ்ப்படிவாள், சில வேளை முரண்டு பிடிப்பாள், கடிந்துகொண்டால் அழுவாள். அவளுக்குப் பாரம் உண்டு; அவள் மூச்சு விடுகையில் வயிறு ஏறி இறங்குவது தெரியும். கோலின் பூவுக்கு அழத் தெரியாது. அதற்குக் காரணம் மக்கே சிறந்த கதாசிரியர் என்பதன்று. அவர் வரைந்த உடம்பு ஓர் உடம்பாக நின்று அவ்வுடம்புக்குரிய கட்டுப்பாடுகளுக்கு அடங்கியிருந்தது. அடங்கியதனாலேயே அதற்கு மனமும் உண்டாயிற்று.

டிஸ்னி நிறுவனத்தாரின் ‘பழைய காற்றாலை’ 1937 இல் வெளிவந்தது. கண்ணாடித் தளங்களிலே சித்திரங்களை ஒன்றன்பின் ஒன்றாக இடைவெளிவிட்டு வைத்து மேலிருந்து படம்பிடிக்கும் புதிய கருவியைச் சோதித்துப் பார்ப்பதே அதன் நோக்கங்களுள் முதன்மையானது. சோதனைப் படம் என்றால் வெறும் வித்தைகாட்டலாக முடிந்திருத்தல் கூடும், முடியவில்லை. பாழடைந்த ஆலையொன்றிலே பறவைகளும் வௌவாலும் ஆந்தையும் இரவைக் கழிக்கின்றன, புயல் வருகின்றது, விடிகின்றது, கதை இவ்வளவே. ஆயினும் ஆலையின் பற்சக்கரம் பொருந்தவேண்டிய குழியொன்றில் ஒரு பறவை கூடு கட்டியிருக்கின்றது. புயலிலே கட்டு அறுந்து சக்கரம் சுழலத் தொடங்குகையில் முட்டைகளைக் காத்துத் தாய்ப்பறவை அசையாது கிடக்கும். அவ்விடத்தில் வந்து பொருந்தவேண்டிய பல் இல்லாமற் போனமையால் அது பிழைக்கின்றது. பொறியின் ஆழத்தையும் பாரத்தையும் காட்டவந்த சித்திர நடைதானே அப்பறவைக்கு ஆபத்தையும் உண்டாக்கியது. அந்த ஆலை தட்டையாக வரையப்பட்டிருந்தால் நாம் அதற்கு அஞ்சியிருக்க மாட்டோம்.

கதைக் கட்சியார் தம் பக்கத்துச் சாட்சியாக எப்பொழுதும் அழைப்பவர் பெல்ஜிய நாட்டுக் கலைஞர் றவுல் சேர்வே. 1986 இல் கணினியாற் சித்திரம் வரையும் கலை குழந்தைப் பருவத்தில் இருந்தபொழுது, ஜோன் லசற்றர் என்பவர் மேசை விளக்கொன்று துள்ளுவதாகிய சிறு சோதனைத் துண்டைச் சேர்வேக்குக் காட்டினார். படம் எவ்வளவு குறியதாயினும் அதற்கு முதலும் நடுவும் முடிவும் வேண்டும் என்று சேர்வே கூற, இத்துணைச் சிறு படத்துக்குக் கதை எதற்கு என்று லசற்றர் மறுக்க, பத்து வினாடியிலும் கதை சொல்லலாம் என்று மூத்தவர் விடையிறுத்தனராம். அதன் பயனாக எழுந்ததே பிக்சார் நிறுவனத்தின் ‘லக்ஸோ ஜூனியர்’ என்னும் இரண்டு நிமிடப் படம். தாய் விளக்கோ தந்தை விளக்கோ ஒன்று பார்த்திருக்க, குட்டி விளக்குப் பந்தோடு விளையாடும். பந்தின்மேல் ஏறிக் குதிக்கும். பந்து காற்றிழந்து சாகும். குட்டி தலை குனிந்து போய், சற்று நேரத்தில் முன்னதிலும் பெரிய பந்தொன்றோடு திரும்பும். அவ்வாண்டு டலஸ் நகரில் கணினி வல்லுநர் அவையிலே படம் காட்டப்பட்டபின் ஜிம் பிளின் என்னும் புகழ்பெற்ற கணினி ஓவிய அறிஞர் லசற்றரை நோக்கி வந்தார். நிழல் விழும் கணிதம்பற்றிக் கேட்கப்போகின்றார் என்று இவர் அஞ்சியிருக்க, பெரிய விளக்குத் தாயா தந்தையா என்றாம் அவர் கேட்டது.

இக்கதையைச் சொல்லி வெற்றி முரசு கொட்டுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அவ்விளக்குக்குக் கண்ணில்லை, வாயில்லை, கையில்லை. மற்றொருவராயின் விளக்கின் முகத்தில் இரண்டு கண்ணை ஒட்டி, அழும்போது நீர் வடியச் செய்திருப்பர். லசற்றர் விளக்கை விளக்காகவே விட்டார். அதன் துயரம் முழுவதும் மூடியின் சாய்விலும் அடித்தட்டின் பாரத்திலும் அடங்கவேண்டியதாயிற்று. முதலும் நடுவும் முடிவும் சேர்வே தந்த அறிவுரை என்பது உண்மையே. அவ்வறிவுரைக்கு உயிர் கொடுத்தது வரைந்தவனின் மறுப்பு. சேர்வேயும் வெறுங் கதைக்காரர் அல்லர். 1979 இல் கான் விழாவிலே குறும்படத்துக்குரிய உயர்ந்த பரிசைப் பெற்ற அவருடைய ‘ஹாப்பியா’வைப் பார்த்தவர் இதை அறிவர். கழுத்து நெரிபட்டுச் சாகவிருந்த பெண்முகப் பறவையொன்றை ஒருவன் காப்பாற்றி வீட்டுக்குக் கொண்டுவருகின்றான். அது அவன் உணவையெல்லாம் தின்று, ஈற்றில் அவன் கால்களையும் தின்கின்றது. உண்மை மனிதரைப் படம்பிடித்து இருண்ட ஓவியத்துள்ளே பதித்த அந்நடையைக் களைந்துவிட்டால் எஞ்சுவது பாட்டி சொல்லும் பயமுறுத்தற் கதையே.

கதை என்ற சொல்லையும் நாம் சற்று விரித்துப் பொருள்கொள்ளல் வேண்டும். நிகழ்ச்சிகளின் கோவை மட்டுமே கதையெனின் உருசியக் கலைஞர் யூரி நோர்ஸ்ரைனின் ‘மூடுபனியில் முள்ளெலி’ கதையில்லாப் படமாகிவிடும். 1975 இல் ஆக்கப்பட்டு, பத்து நிமிடத்துக்குச் சற்று மேற்பட ஓடும் இப்படத்தை, 2003 இல் தோக்கியோவில் 140 அசைவுச் சித்திரக் கலைஞர் கூடி எக்காலத்துக்கும் சிறந்த படமாகத் தெரிந்தெடுத்தனர். மாலைதோறும் கரடிக் குட்டியோடு தேநீர் அருந்தி விண்மீன் எண்ணப் போகும் முள்ளெலி ஒன்று, துணியில் முடிந்த றாஸ்பெரி ஜாமோடு புறப்படுகின்றது. வழியிலே பனியினுள் வெண்குதிரையொன்று நிற்பதைக் காணுகின்றது. குதிரை படுத்து உறங்கினாற் பனியில் மூச்சு முட்டுமோ என்ற ஐயம் எழ, அதை அறிய இறங்குகின்றது. அப்பால் ஒரு சருகு விழுகின்றது, ஒரு பெருமரம் கைக்குத் தட்டுப்படுகின்றது, முடிச்சுத் தொலைகின்றது, நாயொன்று கொண்டுவந்து கொடுக்கின்றது, ஆற்றில் விழுகின்றது, நீருக்குள்ளிருந்து யாரோ ஒருவர் முதுகில் ஏற்றிக் கரை சேர்க்கின்றார். கரடிக்குட்டி ஓயாது பேசிக்கொண்டிருக்க, முள்ளெலி குதிரையையே நினைந்திருக்கின்றது. இதனைச் சொல்லிக் காட்டுகையில் ஒன்றுமில்லை போலத் தோன்றும். பார்க்கையிலோ உள்ளம் நடுங்கும்.

அந்நடுக்கம் எங்கிருந்து வருகின்றது? பனியிலிருந்து. அப்பனியை நோர்ஸ்ரைன் செய்த விதம் கேட்கத் தக்கது. வெட்டிய தாளுருவங்களைக் கண்ணாடித் தளங்களில் வைத்து, அவற்றின்மேல் ஊடு தெரியும் மெல்லிய தாளொன்றை இட்டு, ஒவ்வொரு படமாக அத்தாளைப் படக்கருவியை நோக்கி மெல்ல மெல்ல உயர்த்தினார். தாள் உயர உயரக் கீழுள்ளவை மங்கி வெண்மையுள் மறையும். உருவங்களை வரைந்தவர் அவர் மனைவியார் பிரான்செஸ்கா யார்புசோவா. இவ்வுலகின் சட்டம் ஒன்றே: ஒரு சாணுக்கு அப்பால் உள்ளது தெரியாது. பறக்கும் பாயும் மந்திரக் கோலும் இல்லாத இப்படம் மாயப் படங்களுக்குள் தலைசிறந்து நிற்பது அச்சட்டம் எங்கும் மீறப்படாமையால். நீரிலே சுமந்தவர் யாரென்பதை நமக்கும் காட்டவில்லை. காட்டியிருந்தாற் படம் அழகிழந்திருக்கும் என்பது சிறு செய்தி. பொய்யாகியிருக்கும் என்பதே பெரிது.

சித்திரக் கட்சியார் இவ்விடத்தே எழுந்து, பாட்டுக்குக் கதை எதற்கு, எங்கள் படங்கள் பாட்டுப் போன்றவை என்பர். வலிய வாதந்தான். ஆயின் பாட்டு என்பது கட்டற்றது என்று அவர்க்குச் சொன்னவர் யார்? பெரும்பாலும் நாலடி முதல் எட்டடிக்குள் அடங்கும் குறுந்தொகைச் செய்யுள்களிலே நிகழ்ச்சி மிகச் சிறிது. எனினும் பேசுபவர் இன்னார், கேட்பவர் இன்னார், நிலம் இன்னது, பொழுது இன்னது என்ற வரையறை அங்கே எத்துணை உறுதியானது! முல்லை பூத்ததென்றாற் கார்கால மாலை வந்தது, வருவேன் என்றவன் வந்திலன் என்பதெல்லாம் அப்பூவினுள்ளே அடங்கும். பூவை அங்கே அழகுக்காக வைத்தார் என்று எவரும் சொல்லார். உள்ளுறை என்று நம் முன்னோர் பெயரிட்ட அம்முறையையே நோர்ஸ்ரைன் தமது ‘கதைகளின் கதை’யிலே, 1979 இல், வேறு வழியாகச் சென்று எட்டியிருக்கின்றார். சுமார் அரைமணி நேரம் ஓடும் அப்படத்தில் தொடர்ந்த கதையில்லை. தாலாட்டில் வரும் சாம்பல்நிற ஓநாய்க்குட்டி ஒன்று பழைய நினைவுகளுக்கிடையே அலைகின்றது. அதில் ஒரு காட்சி. போருக்கு முற்பட்ட மாலையொன்றில் தெருவிளக்கின்கீழ் ஆணும் பெண்ணும் இசைக்கேற்ப இணைந்து ஆடுகின்றனர். இசை இடறும் ஒவ்வொரு முறையும் ஆணொருவன் மறைகின்றான். பெண்கள் வளைத்த கை வளைத்தபடியே வெறுமையை அணைத்துக்கொண்டு நிற்கின்றனர். கண்ணாடிமேல் வைத்த தாளுருவை எடுத்துவிட்டால் இடம் வெறிதாகும். அத்தொழிலின் மிக எளிய செயல் அது. அச்செயலே போரைச் சொல்லிவிட்டது. இங்கே நடை யாது, கதை யாது என்று பிரித்துக் காட்டவல்லார் யாரேனும் இருப்பின் அவர்க்கு வணக்கம்.

மாறுபட்ட எடுத்துக்காட்டு ஒன்றும் வேண்டுமன்றோ? வால்ற் டிஸ்னியும் ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலியும் 1945 இல் கூடித் தொடங்கிப் பணமுடையால் நிறுத்திய ‘டெஸ்ரினோ’ என்ற படத்தை டிஸ்னி நிறுவனத்தார் 2003 இல் முடித்து வெளியிட்டனர். ஏழு நிமிடத்துக்குள் டாலியின் பாலைவெளியும் உருகும் மணிக்கூடும் உடைந்த சிலையும் வரிசையாக வருகின்றன. ஆமைகளின் முதுகில் ஏறிய இரு முகங்கள் ஒன்றையொன்று நெருங்க, நடுவிலுள்ள வெளியே நடனமாதின் வடிவாகும் காட்சியைப் பார்த்தவர் மறக்கமாட்டார். ஆயினும் அப்பெண்ணும் அவள் நாடிய காலதேவனும் சேர்ந்தாரா பிரிந்தாரா என்பதுபற்றி நம் நெஞ்சம் ஒரு கணமும் துடிப்பதில்லை. எதுவும் எதுவாகவும் மாறக்கூடிய வெளியிலே பிரிவென்று ஒன்று எப்படி உண்டாகும்? கோலின் படத்தில் இரண்டு நிமிடம் இனித்த அதே உரிமம் இங்கே ஏழு நிமிடத்தில் சலிக்கின்றது. பக்கவாத்தியம் எவ்வளவு வல்லதாயினும் பாடுபவர் வாய் திறவாத கச்சேரியில் எவ்வளவு நேரம் இருப்பது?

இக்காலத்து இளைஞர் இவ்வழக்கை எடுத்தால் முதலில் வாய்க்கு வருவது ‘ஹிபாரோ’. ‘லவ், டெத் அண்ட் றோபோற்ஸ்’ என்னும் நெற்பிளிக்ஸ் தொடரின் மூன்றாந் தொகுதியில், 2022 இல், அல்பேர்ட்டோ மியெல்கோ ஆக்கிய இப்படம் ஏறக்குறையப் பதினேழு நிமிடம் ஓடும். உரையாடல் இல்லை. வெளிவந்த நாள்தொட்டு, கண்ணைப் பறிக்கும் வேலைப்பாடு, உள்ளே ஒன்றுமில்லை என்று ஒரு சாரார் கூறிவருகின்றனர். இத்தீர்ப்பை என்னால் ஏற்கமுடியவில்லை. காட்டுக்குளமொன்றின் கரைக்குப் போர்வீரர் படை வருகின்றது. குளத்திலிருந்து பொன்னும் மணியும் உடம்பெங்கும் அடர்ந்த நீர்மகள் எழுந்து ஆடிக் கூவுகின்றாள். கேட்டவரெல்லாம் பித்தேறி ஒருவரையொருவர் வெட்டி நீரில் ஆழ்கின்றனர். ஒருவன் மட்டும் தப்புகின்றான், அவன் செவிடன். தன் குரலுக்கு அடங்காதவனைக் கண்டு வியந்த அவள் அவனைத் தொடருகின்றாள். அவனோ அவளை அடித்து வீழ்த்தி, உடம்பிலிருந்த பொன்னையெல்லாம் பிடுங்கியெடுத்து, அவளை அருவியில் எறிகின்றான். அவள் குருதி கலந்த நீரைக் குடித்ததும் அவனுக்குக் காது கேட்கின்றது. கேட்கத் தொடங்கிய பின் நிகழ்வதைச் சொல்லத் தேவையில்லை.

இப்படத்தின் சட்டம் ஒலியிலே எழுதப்பட்டது. அவன் காதால் நாம் கேட்கும்போது படமே ஊமையாகின்றது. மேலும், மிகையென்று குறைகூறப்படும் அப்பொன் வேலைப்பாடுதான் கதைப்பொருள். நமது கண்ணும் அப்பொன்னிலே சென்று ஒட்டுகின்றது. ஆகவே அவன் பேராசையில் நமக்கும் ஒரு பங்கு சேருகின்றது. அணிகலனை அவன் பிய்த்தெடுக்கும்போது அது அணிகலனன்று, தோல் என்று தெரிகின்றது. பொன்னைக் குறைத்து வரைந்திருந்தால் அக்கொடுமை நமக்கு உறைத்திராது. படத்தில் எனக்குக் குறையாகப் படுவது வேறொன்று: படக்கருவி ஓயாது குலுங்கிக்கொண்டிருப்பது. குளக்கரையின் அமைதி முதலில் நிலைபெற்றிருந்தால் அக்கூவல் இன்னும் கொடிதாய் ஒலித்திருக்கும். அதே ஆண்டில் வேறொரு படத்துக்காக ஒஸ்கார் பரிசும் பெற்ற கலைஞருக்கு இதனை எடுத்துரைக்க நாம் யார் என்று கேட்பீராயின், பார்ப்போர் என்பதே விடை.

நம் வீட்டுக் குறையையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. சிறுவர்க்கென்று தமிழிலே இணையத்தில் வெளிவரும் நீதிக்கதைச் சித்திரப் படங்கள் பலவற்றில் நோய் மறுபுறமாக இருக்கின்றது. காகமும் நரியும் நிற்கின்றன, வாய் அசைகின்றது, கதையைப் பின்னணிக் குரலொன்று சொல்லி முடிக்கின்றது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் ஒன்றும் குறையாது. கதை இருக்கின்றதே என்று கதைக் கட்சியார் திருப்தியடையலாம். அக்கதையை வரைந்து காட்டவேண்டிய தேவை என்ன என்பதற்கு அவரிடம் விடையில்லை. மைக்கேல் டூடொக் டி விற் என்பாரின் ‘தந்தையும் மகளும்’ 2000 இல் வெளிவந்து அடுத்த ஆண்டு ஒஸ்கார் பரிசு பெற்றது. எட்டு நிமிடம், ஒரு சொல் இல்லை, முகங்களும் தெளிவாகத் தெரிவதில்லை. மகள் மிதிவண்டியில் வந்து, தந்தை தோணியேறிப் போன கரையைப் பார்த்துத் திரும்புகின்றாள். சிறுமி வருகின்றாள், குமரி வருகின்றாள், கிழவி வருகின்றாள். சைக்கிள் மேட்டில் ஏறமுடியாமற் போவதிலே ஓர் ஆயுட்காலம் கழிந்துவிடுகின்றது. அதைக் குரல் சொல்லியிருந்தால் யார் அழுவார்?

இனி நம் மாணவரிடம் வருவோம். போட்டிகளிலே படத்துக்கு இத்தனை புள்ளி, கதைக்கு இத்தனை புள்ளி எனத் தனித்தனியே இட்டுக் கூட்டும் வழக்கம் கைவிடப்படவேண்டியது. அது மாணவனை இரு கூறாக்குகின்றது. கதை எழுதத் தெரிந்தவன் எழுதிக் கொடுக்க, வரையத் தெரிந்தவன் அதன்மேல் வண்ணம் பூசுகின்றான். சித்திரம் தரும் பொறிகள் இப்பிரிவை இன்னும் ஆழமாக்குகின்றன. அவற்றை நான் வெறுக்கவில்லை. விலக்கினாலும் அவை விலகப்போவதில்லை. ஆனால் அப்பொறியிடம் கேட்டது கிடைக்கும், கேளாததும் கிடைக்கும். பனி வேண்டுமென்றாற் பனியும், பனிக்கப்பால் ஒளிவீசும் கோட்டையும், அதன்மேற் பறக்கும் நாகமும் சேர்ந்தே வரும். வேண்டாமென்று மறுக்கும் பழக்கத்தை அதனிடத்தில் கற்றுக்கொள்ள வழியில்லை. அப்பழக்கம் வராத மாணவனுக்கு விலையுயர்ந்த கணினி வாங்கிக் கொடுத்தாற் பிழை பெரிதாகுமேயன்றிக் குறையாது.

ஆகவே பழைய மாணவர் சங்கத்தாருக்கும் சித்திர ஆசிரியர்க்கும் ஒரு சிறு திட்டத்தை முன்வைக்க விரும்புகின்றேன். செலவு மிகக் குறைவு. ஜெர்மானியப் பெண்மணியான லொற்றே றைனிகர் கறுப்புத் தாளைக் கத்தரிக்கோலால் வெட்டி, கீழிருந்து ஒளி பாய்ச்சிய கண்ணாடிமேல் அசைத்து, 1926 இல் ‘இளவரசர் அக்மத்’ என்னும் நெடும்படத்தையும், 1950களில் இங்கிலாந்திலிருந்து பல தேவதைக் கதைக் குறும்படங்களையும் ஆக்கினார். அவருடைய உருவங்களின் முகத்தில் உணர்ச்சி காட்டக் கண்ணும் இதழும் இல்லை. மணிக்கட்டின் ஒரு வளைவிலே வெட்கமும் சினமும் தெரியும். அம்முறையை நம் மாணவர் இருவர் மூவராகச் சேர்ந்து செய்யலாம். ஒரு கண்ணாடித் தகடு, ஒரு மின்விளக்கு, கறுப்புத் தாள், கத்தரிக்கோல், மேலே கட்டித் தொங்கவிடும் கைப்பேசி ஆகியவை போதும். படத்தின் நீளம் ஒரு நிமிடம். வினாடிக்குப் 12 நிலையாக 720 நிலை எடுக்கவேண்டும்; தவணை விடுமுறையொன்றில் முடிக்கலாம். பேச்சும் எழுத்தும் கூடாது. தாளை வெட்டத் தொடங்குமுன், தாம் படைக்கும் உலகிலே ஒருபோதும் நிகழக்கூடாதது எது என்பதை ஒரு வரியில் எழுதி, உறையிலிட்டு ஒட்டி, ஆசிரியர் கையிற் கொடுத்துவிடல் வேண்டும். படம் காட்டும் நாளிலே அவ்வுறையைப் பிரித்து அவையோர் கேட்க வாசிக்கலாம்.